இளையோர் நாவலில் கதை நடக்கும் இடமும் கதை சொல்லும் கண்ணும்

கேள்வி இதுதான்: இளையோருக்கான நாவல்களில் கதை எங்கே நடக்கிறது, யார் பார்வையில் சொல்லப்படுகிறது என்ற இரண்டும் அந்த நாவலின் கருவை, அதாவது அது சொல்ல வரும் மையக் கருத்தை, எப்படித் தீர்மானிக்கின்றன? களம், பார்வைக் கோணம், கரு என்று மூன்று தலைப்புப் போட்டுத் தனித்தனியாகப் பதில் எழுதிப் பழகிய மாணவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். அப்படிப் பிரித்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும், ஆனால் நாவல் நழுவிவிடும். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சில நாவல்களை வைத்தே சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில் வந்தவை. கதை தெரியாதவர்களுக்கும் புரியும்படி, தேவையான அளவுக்குக் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். முடிவுகளும் வெளிப்படும், அதைத் தவிர்க்க முடியாது.

பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளை தான் எங்கே வாழ்வது என்பதைத் தானே முடிவு செய்வதில்லை. வீடு, தெரு, பள்ளி, ஊர் எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்தவை. பிடிக்கவில்லை என்றால் கிளம்பிப் போகக் கையில் காசு கிடையாது. அதனால் இளையோர் நாவலில் இடம் என்பது முதலில் ஒரு வேலி: எங்கே போகலாம், எங்கே போனால் அடி விழும், யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் அது சொல்லிவிடுகிறது. பார்வைக் கோணம் இன்னொரு வேலி. அந்த வயதில், அந்த இடத்தில் இருக்கும் ஒருவருக்கு எது தெரிய வழியில்லை என்பதை அது குறிக்கிறது. இந்த இரண்டு வேலிகளும் எங்கே மோதுகின்றனவோ அங்கேதான் கரு உண்டாகிறது என்பது என் முடிவு. நல்ல இளையோர் நாவல் எதை எடுத்தாலும் இதைக் காட்ட முடியும் என்று நம்புகிறேன்.

லோயிஸ் லோரி 1993-இல் எழுதிய 'தி கிவர்' இதற்கு மிகத் தெளிவான உதாரணம். ஜோனாஸ் என்ற சிறுவன் வாழும் சமூகத்தில் பசியில்லை, சண்டையில்லை, மழை வெயில் மாற்றம்கூட இல்லை. யார் யாருக்குப் பிள்ளை, யாருக்கு என்ன வேலை என்பதை எல்லாம் பெரியவர்களின் குழு தீர்மானிக்கிறது. கதை 'அவன்' என்று படர்க்கையில் போகிறது, ஆனால் ஜோனாஸின் தலையை விட்டு ஒரு முறைகூட வெளியே வராது. ஒரு நாள் நண்பனோடு ஆப்பிளை எறிந்து பிடித்து விளையாடும்போது, காற்றில் பறக்கிற ஆப்பிளில் ஏதோ ஒன்று ஒரு கணம் மாறுகிறது. என்ன மாறியது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசிக்கிற நமக்கும் தெரியாது. பல அத்தியாயங்கள் கழித்துத்தான் அது சிவப்பு என்று தெரிய வருகிறது. அந்த ஊரில் யாருக்கும் நிறமே தெரியாது! அதுவரை நிறமில்லாத ஓர் உலகத்தில் நாம் உலாவிக்கொண்டிருந்தோம், கவனிக்கவே இல்லை.

அதே மாதிரி 'விடுவிப்பு' என்றொரு சொல் முதல் பக்கங்களிலிருந்தே அங்கங்கே வருகிறது. வயதானவர்களை விடுவிக்கிறார்கள், தவறு செய்தவர்களை விடுவிக்கிறார்கள். வேறெங்கோ அனுப்பிவிடுகிறார்கள் போல என்று ஜோனாஸ் நினைக்கிறான், நாமும் அப்படியே நினைத்துக்கொண்டு போகிறோம். குழந்தைகளைப் பராமரிக்கும் அவனுடைய அன்பான அப்பா, இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததற்கு ஊசி போடும் பதிவை அவன் பார்க்கும்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. எல்லாம் அறிந்த ஆசிரியர் ஒருவர் முதல் பக்கத்திலேயே 'இந்த ஊரில் நிறம் கிடையாது, வேண்டாத குழந்தைகளைக் கொன்றுவிடுவார்கள்' என்று சொல்லியிருந்தால், இது கொடுமையான ஊரைப் பற்றிய கதை என்பதோடு முடிந்திருக்கும். அப்படிச் சொல்லாததால், சுகமாக இருப்பதற்கு நாம் எதையெல்லாம் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்ற கதையாக அது மாறுகிறது, ஏனென்றால் நாமும் கேட்காமல் விட்டிருக்கிறோம். 2014-இல் வந்த திரைப்படம் கறுப்பு வெள்ளையில் தொடங்குகிறது. சினிமாவுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் முதல் காட்சியிலேயே பார்வையாளருக்கு ஜோனாஸைவிட அதிகம் தெரிந்துவிடுகிறது. ஆப்பிள் தரும் அதிர்ச்சிக்கு அங்கே இடமில்லை.

சரி, கற்பனை ஊரை விட்டு நிஜ ஊருக்கு வருவோம். எஸ். இ. ஹிண்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. 1967-இல் அது வெளிவந்தபோது பதினெட்டு. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துப் பள்ளி மாணவி அவர். ஆண் பிள்ளைகளின் அடிதடிக் கதையைப் பெண் எழுதியிருக்கிறார் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடக் கூடாதே என்றுதான் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கினார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்கள் கிரீசர்கள், மேற்குப் பக்கத்துப் பணக்காரப் பையன்கள் சோஷ்கள். முதல் அத்தியாயத்திலேயே, சினிமா பார்த்துவிட்டுத் தனியாக நடந்து வரும் பதினான்கு வயது போனிபாயைக் காரில் வந்த சோஷ்கள் வளைத்துக்கொள்கிறார்கள். நடக்கக் கூடாத தெருவில் தனியாக நடந்தான் என்பதைத் தவிர அவன் வேறு தவறு எதுவும் செய்யவில்லை. வர்க்கம் என்ற சொல்லுக்கு விளக்கமே தேவையில்லாதபடி, வீட்டுக்கு நடந்து வருவது ஒன்றே அதைச் சொல்லிவிடுகிறது.

இந்த நாவலில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. சோஷ் கூட்டத்துப் பெண் செர்ரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் தன் வீட்டு முற்றத்திலிருந்து பார்க்கும் அஸ்தமனமும் தன் வீட்டுப் பின்படிக்கட்டிலிருந்து தான் பார்க்கும் அஸ்தமனமும் ஒன்றுதானே என்று போனிபாய்க்குத் தோன்றுகிறது. மனிதர்கள் எல்லோரும் சமம் என்ற கருவுக்கு உதாரணமாகப் பெரும்பாலான கட்டுரைகள் இதை எடுத்துக் காட்டும். பாதி சரி. மீதிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். சூரியன் ஒன்றுதான், ஆனால் ஒருத்தி முற்றத்திலிருந்து பார்க்கிறாள், ஒருவன் படிக்கட்டிலிருந்து பார்க்கிறான். அந்த வேறுபாட்டை நாவல் மறைக்கவே இல்லை. தனக்குப் பள்ளியில் போனிபாயோடு பேச முடியாமல் போகலாம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அன்றிரவே செர்ரி சொல்லிவிடுகிறாள். அஸ்தமனத்தில் இருந்த சமத்துவம் பள்ளி நடைவழியில் செல்லாது.

அப்புறம், இடம் மாறியதும் ஆட்கள் மாறுவதைக் கவனியுங்கள். பூங்காவில் நடந்த சண்டையில் போனிபாயைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்த பாப் என்ற சோஷை, போனிபாயின் நண்பனான ஜானி என்ற கிரீசர் குத்திக் கொன்றுவிட, இருவரும் ஊரை விட்டு ஓடி, மலை மேல் இருக்கும் பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். அடையாளம் தெரியக் கூடாது என்று அங்கே முடியை வெட்டிக்கொள்கிறார்கள். நீண்ட, எண்ணெய் வழியும் முடிதான் கிரீசர்களின் பெருமை. அது போனதும் அவர்கள் எந்தப் பக்கத்தையும் சேராத இரண்டு பையன்கள். அங்கேதான் சூரிய உதயத்தை உட்கார்ந்து பார்க்கிறார்கள், புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறார்கள், போனிபாய் மனப்பாடமாக ஒரு கவிதை சொல்கிறான். நகரத்துக்குள் இந்தக் காட்சி நடந்திருக்கவே முடியாது. மென்மை என்பது அந்தப் பையன்களிடம் இல்லாத குணமா, அந்தத் தெரு அனுமதிக்காத குணமா என்ற கேள்விக்கு நாவல் தரும் பதில் அந்தத் தேவாலயம்.

பார்வைக் கோணத்துக்கு வந்தால், போனிபாய் தன்மையில், அதாவது 'நான்' என்று, பேசுகிறான், அவன் சொல்வதில் சில தவறு. அப்பா அம்மா விபத்தில் இறந்தபின் குடும்பத்தைத் தாங்கும் இருபது வயது அண்ணன் டேரி தன்னை வெறுக்கிறான் என்று பாதி நாவல் வரை திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் தரும் தகவல்களை வைத்தே நமக்கு வேறு மாதிரி தெரிகிறது: குடும்பத்துக்காகக் கடுமையாக உழைப்பவன், தம்பி வீடு திரும்பத் தாமதமானால் தூங்காமல் உட்கார்ந்திருப்பவன். மருத்துவமனையில் டேரி அழுவதைப் பார்க்கும்போதுதான் போனிபாய்க்கு விளங்குகிறது. கடைசிப் பகுதியில் இன்னும் ஆழமாகப் போகிறது. ஜானி இறந்துவிட்டதை ஏற்க முடியாமல், அவன் சாகவில்லை என்றும், பாபைக் கொன்றது தானே என்றும் போனிபாய் சொல்கிறான். கதைசொல்லியை நாம் நம்ப முடியாமல் போகும் அந்த இடத்தில்தான் துக்கம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. ஆங்கில வகுப்புக்கு எழுத வேண்டிய கட்டுரையாக அவன் இந்தக் கதையை எழுதத் தொடங்குகிறான். அவன் எழுதும் முதல் வரிதான் நாவலின் முதல் வரி, கடைசி வரியும் அதுவே. அதாவது நாம் படித்தது முழுவதும் அந்தப் பொய்யிலிருந்து அவன் வெளியே வந்த வழி. டேரி இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அது பொறுப்பைப் பற்றிய நாவலாகியிருக்கும், செர்ரி சொல்லியிருந்தால் குற்றவுணர்வைப் பற்றி. நிகழ்ச்சி ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

இங்கே நம்மிடம் உள்ள ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், மகளை உடன்போக்கில் பறிகொடுத்த தாய் புலம்பும் பத்துப் பாட்டுகளை அடுத்து, அந்தக் காட்டு வழியில் நடப்பதைச் சொல்லும் பத்துப் பாட்டுகள் வருகின்றன. இரண்டையும் ஓதலாந்தையாரே பாடியிருக்கிறார். பெண் காதலனோடு போய்விட்டாள் என்ற ஒரே சூழல்தான். தாய் பேசினால் அது இழப்பு, வழியில் கண்டவர்களும் தலைவியும் பேசினால் துணிவு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வைத்ததும், அகப்பாட்டில் புலவர் தன் குரலில் பேசாமல் தலைவி, தோழி, செவிலி என்று யாராவது ஒருவர் வாயில்தான் பேசுவார் என்பதும் நமக்குப் பாடத்திலேயே வந்தவை. அந்தப் பழக்கத்தோடு இளையோர் நாவலுக்குள் போகிற தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி அன்னியமாக இருக்கத் தேவையில்லை.

ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' 2017-இல் வந்தது. பதினாறு வயது ஸ்டார், கார்டன் ஹைட்ஸ் என்ற கறுப்பினத்தவர் பகுதியில் வாழ்கிறாள், பெரும்பாலும் வெள்ளையர் படிக்கும் தொலைவான தனியார் பள்ளிக்குப் போகிறாள். பள்ளியில் கொச்சைச் சொல் ஒன்றும் வாயில் வராமல், கோபத்தைக் காட்டாமல் இருக்கிற ஸ்டார் வேறு, வீட்டு ஸ்டார் வேறு என்று அவளே பிரித்து வைத்திருக்கிறாள். இரண்டு களங்கள், இரண்டு குரல்கள். சிறு வயது நண்பன் கலீலைப் போலீஸ்காரர் ஒருவர் அவள் கண் முன்னே சுட்டுக் கொல்கிறார். காரில் இருந்த தலைசீவும் பிரஷ்ஷைத் துப்பாக்கி என்று நினைத்தாராம். அவள் ஒருத்திதான் சாட்சி.

போலீஸ் நிறுத்தினால் கையை வெளியே தெரியும்படி வை, திடீரென்று அசையாதே, கேட்டால் மட்டும் பேசு என்று பன்னிரண்டு வயதிலேயே பெற்றோர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அந்த இரவில் அவள் கண் போலீஸ்காரரின் பேட்ஜ் எண்ணுக்குப் போகிறது. அதன் பிறகு நாவல் நெடுக அவர் அவளுக்கு 'நூற்றுப் பதினைந்து' மட்டுமே. பார்வைக் கோணம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். எந்த இடத்தில் வளர்ந்தாள் என்பது, ஆபத்து நேரத்தில் எதைக் கவனிக்கிறாள் என்பதைத் தீர்மானிக்கிறது. நிகழ்காலத்தில் சொல்வதால் அவளுக்கு யோசித்துத் தெளிய நேரம் கிடையாது. இந்த இரண்டு ஸ்டார்களையும் வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல முடியுமா என்பதுதான் நாவலின் கேள்வி. நாளிதழ் நிருபர் ஒருவர் இந்தக் கதையைச் சொன்னால் போலீஸ் வன்முறையைப் பற்றிய கதையாக அது நிற்கும். ஸ்டார் சொல்வதால், வாயைத் திறப்பதற்கு முன் எந்த வாயைத் திறப்பது என்று யோசிக்க வேண்டிய ஒரு பெண்ணின் கதையாகவும் அது ஆகிறது.

நிகழ்காலத்தில் சொல்வது இந்த வகை நாவல்களில் அதிகம். காரணம் உண்டு. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) சிறுமியின் கண்ணால் நடக்கிறது, ஆனால் பேசுவது வளர்ந்துவிட்ட பெண். அன்று புரியாதது இன்று அவளுக்குப் புரியும், அந்தத் தூரம் வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும். பள்ளிகளில் எவ்வளவு படிக்கப்பட்டாலும் அது பெரியவரின் நினைவுகூரல்தான். இளையோர் நாவல் அந்தத் தூரத்தை முடிந்தவரை குறைக்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்து ஆறுதல் சொல்ல அங்கே ஆள் இல்லை. சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) இதை விளிம்பு வரை கொண்டுபோகிறது. நிலக்கரி மாவட்டத்தில் வளர்ந்த காட்னிஸ் வேலியைத் தாண்டுமுன் மின்சாரம் ஓடும் ஓசை வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டும் போட்டியில் அவள் சிக்கும்போது, காமிராக்கள் சூழ்ந்த அந்த அரங்கிலும் அதே பழக்கம்தான் அவளைக் காக்கிறது. ஆனால் அதே போட்டியில் கூடவே இருக்கும் பீட்டா என்ற பையனின் காதல் நிஜமா நடிப்பா என்று அவளுக்குத் தெரிவதில்லை, தான் காட்டுவதும் எது என்று போகப் போகக் குழம்புகிறது. 2012-இல் வந்த திரைப்படம் அரங்கை இயக்குபவர்களின் கட்டுப்பாட்டு அறையைக் காட்டிவிட்டது. யார் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று தெரிந்ததும் கதை அதிகாரத்தைப் பற்றியதாகிறது. நாவலில், பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தும் யார் பார்க்கிறார்கள் என்று தெரியாத ஒருத்தியின் அவதியே முதன்மை. இரண்டும் நல்ல கதைகள், ஆனால் ஒரே கரு அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' (1999). இளையோர் இலக்கியத்துக்கான மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருது 2000-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற நூல் இது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த பதினாறு வயது ஸ்டீவ் ஹார்மன் மீது கொலை வழக்கு. மருந்துக் கடையில் கொள்ளை நடந்தபோது கடைக்காரர் சுடப்பட்டு இறந்தார். போலீஸ் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்து வந்தவன் ஸ்டீவ் என்பது குற்றச்சாட்டு. கொள்ளையில் ஒரு பங்கு இருந்தாலே கொலைக்கும் பொறுப்பு என்று சட்டம் சொல்வதால், ஒரு கடைக்குள் சும்மா போய் வந்தது வாழ்நாள் சிறையாக மாறலாம்.

இந்தக் கதை இரண்டு வடிவங்களில் மாறி மாறி வருகிறது. ஒன்று கையெழுத்து நாட்குறிப்பு. இரவில் விளக்கு அணைந்தபின், வேறு யாரோ அடிவாங்கிக் கத்தும்போது அழுதால்தான் யாருக்கும் கேட்காது என்று அது தொடங்குகிறது. இன்னொன்று திரைக்கதை. பள்ளித் திரைப்படக் குழுவில் இருந்தவன் அவன். தன் வழக்கையே படமாக எழுதுகிறான்: காட்சி, வசனம், காமிரா எங்கே போகிறது என்று. ஏன் அப்படி? அரசு வழக்கறிஞர் அவனை மான்ஸ்டர், அதாவது அரக்கன், என்ற வகையில் சேர்த்துவிட்டார். ஹார்லெம், கறுப்பினம், பதினாறு வயது என்பதை வைத்து ஜூரிகள் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுத்துவிடுவார்கள் என்று அவன் பக்க வழக்கறிஞரே எச்சரிக்கிறார். வெளியிலிருந்து தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவனும் காமிராவுக்குப் பின்னால் போய் நிற்கிறான். திரைக்கதையில் முகமும் பேச்சும்தான் இருக்கும், மனம் இருக்காது. நாட்குறிப்பில் மனம் இருக்கிறது. ஆனால் அன்று அந்தக் கடைக்குள் எதற்குப் போனான் என்ற கேள்வி வரும்போதெல்லாம் வரிகள் வழுக்கிப் போகின்றன. தன்மையில் எழுதுகிறவனே தன்னிடம் முழுதாகச் சொல்வதில்லை. அவன் செய்தானா இல்லையா என்று கடைசி வரை உறுதியாகச் சொல்ல முடியாது.

தீர்ப்பு வருகிறது. குற்றவாளி இல்லை. மகிழ்ச்சியில் வழக்கறிஞரைக் கட்டிக்கொள்ளக் கையை விரிக்கிறான், அவர் விறைத்துத் திரும்பிக்கொள்கிறார். அவர் தன்னில் எதைப் பார்த்தார் என்ற கேள்வியோடு நாவல் நிற்கிறது. சட்டம் விடுவித்தாலும் பார்வை விடுவிக்கவில்லை. நீதிமன்றம் என்ற இடமும் இரட்டைப் பார்வையும் இல்லாமல் இந்தக் கரு பிறந்திருக்காது. இது அவன் குற்றம் செய்தானா என்று துப்பறியும் நாவல் என்று சொல்லிப் படிக்கத் தருகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

படர்க்கையின் பலத்துக்கும் ஓர் உதாரணம். கொழும்பில் பிறந்து கனடாவில் எழுதும் ஷியாம் செல்வதுரை 2005-இல் எழுதிய 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ' 1980-இல் கொழும்பில் நடக்கிறது. பெற்றோரை இழந்த பதினான்கு வயது அம்ரித்துக்கு, கனடாவிலிருந்து வரும் மச்சான் முறைப் பையன் நிரேஷ் மீது எழும் ஈர்ப்பும் பொறாமையும்தான் கதை. பள்ளியில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடக ஒத்திகை, வெளியே பருவமழை. தனக்குள் நடப்பதற்கு அந்த ஊரில், அந்த வயதில் அவனிடம் பெயர் இல்லை. தன்மையில் சொன்னால் அவன் ஏதாவது ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டும். படர்க்கை அவனுக்கு அருகிலேயே நின்றுகொண்டு, கடலையும் மழையையும் மேடையில் ஒதெல்லோ படும் பொறாமையையும் அவனுக்காகப் பேசவிடுகிறது. வெளியிலிருந்து வந்தவன் நிரேஷ் என்பதும் முக்கியம். அம்ரித் உலகத்தின் விதிகள் அவனுக்குப் பொருந்தாது, அதனாலேயே அந்த விதிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.

கேட்டவர் தன் கட்டுரைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். உங்கள் நாவலில் ஒரே ஒரு காட்சியை எடுங்கள், முழு நாவலோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தக் காட்சியை வேறு இடத்துக்கு மாற்றினால் எது நடக்காமல் போகும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அடுத்து, அங்கே இருக்கும் இன்னொருவர் சொன்னால் நமக்கு எது முன்கூட்டியே தெரிந்துவிடும், எது தெரியாமலே போகும் என்று இன்னொரு பத்தி. இந்த இரண்டு பத்திகளுக்கும் பொதுவாக எது வருகிறதோ அதுதான் கருவைப் பற்றி நீங்கள் எழுத வேண்டியது. 'நட்பு', 'அடையாளம்' என்று ஒற்றைச் சொல்லில் கருவைச் சொல்லி நிறுத்தினால் அது எந்த நாவலுக்கும் பொருந்திவிடும், அதனால் ஒரு முழு வாக்கியமாகவே எழுதுங்கள். எந்த நாவலில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 'தி கிவர்' எடுங்கள், சிறிய நூல். இரண்டாம் முறை படிக்கும்போது 'விடுவிப்பு' வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். முதல் முறை அந்த இடங்களை எவ்வளவு சாதாரணமாகக் கடந்து போனீர்கள் என்பதிலிருந்தே கட்டுரையைத் தொடங்கலாம்.